எந்திரம் வந்தது, தண்ணீர்?

மருத்துவமனைக்குப் புது எந்திரம் வந்தால் மாலை போடுகிறோம். திறப்பு விழா நடத்துகிறோம். வேண்டியதுதான். சிறுநீரகம் செயலிழந்த தொழிலாளிக்கு டயாலிசிஸ் எந்திரம் உயிர்த்துணை என்பதை யார் மறுப்பார்? ஆனால், அந்த எந்திரத்துக்குள் ஓடுகிற தண்ணீர் எப்படிப்பட்டது என்று எவரேனும் கேட்டதுண்டா? கேட்க வேண்டும் என்கிறோம் நாம்.

பிரேசில் நாட்டிலே கருவாரு என்றொரு நகரம். 1996 பிப்ரவரியில், அங்குள்ள டயாலிசிஸ் நிலையம் ஒன்றுக்கு நீர்த்தேக்கத்துத் தண்ணீர் லாரியில் வந்தது. நீலப்பச்சைப் பாக்டீரியா கக்கிய நஞ்சும் கூடவே வந்தது. சிகிச்சை பெற்ற 131 பேரில் 116 பேருக்குக் கண் மங்கிற்று; குமட்டலும் வாந்தியும் வந்தன. 100 பேருக்குக் கல்லீரல் கெட்டது. அவ்வாண்டு முடிவதற்குள், அந்த நஞ்சால் மாண்டவர்கள் என்று கணக்கிடப்பட்டவர்கள் மட்டும் 52 பேர். பிழைக்க வந்த இடத்தில் பிணமானார்கள்!

நாம் நாளொன்றுக்குக் குடிப்பது இரண்டு மூன்று லிட்டர். அதற்குக் குடல் காவல் நிற்கிறது. டயாலிசிஸ் நோயாளிக்கோ, நான்கு மணி நேரச் சிகிச்சை ஒன்றுக்கே சுமார் 120 லிட்டர் கரைசல் ஓடுகிறது. அதற்கும் அவர் இரத்தத்துக்கும் நடுவே இருப்பது மெல்லிய சவ்வு ஒன்றே. முழுக் கிருமி அதைத் தாண்டாது. ஆனால் செத்த கிருமியின் சிதறலாகிய எண்டோடாக்சின் என்னும் நஞ்சு தாண்டிவிடும். குளிர் நடுக்கமும் காய்ச்சலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் அதன் கைவரிசை. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அது அழியாது.

நல்ல குழாய்த் தண்ணீர் வந்துவிட்டால் ஆபத்து தீர்ந்ததா? இல்லை. குழாய்த் தண்ணீருக்குக் காவல் குளோரின். அந்தக் குளோரினே இரத்த அணுக்களைச் சிதைக்கும் என்பதால், கரி வடிகட்டியில் அதை நீக்குகிறார்கள். நீக்கத்தான் வேண்டும். ஆனால் காவற்காரன் போன வீட்டில் திருடன் புகமாட்டானா? ஆர்.ஓ. சுத்திகரிப்பைத் தாண்டிய பிறகும், தேங்கும் தொட்டியிலும் ஓட்டமில்லாத குழாய் மூலையிலும் கிருமி வழுவழுப்பான படலம் கட்டிக் குடியேறுகிறது. குடியேறிவிட்டால் விரட்டுவது பெரும்பாடு. பைகார்பனேட் கரைசலோ அதற்கு விருந்து!

வழி என்ன? படலம் கட்டுமுன்பே குழாய்களை வெந்நீராலோ கிருமிநாசினியாலோ முறை தவறாமல் கழுவ வேண்டும். தண்ணீர் தேங்காமல் சுற்றி ஓட வேண்டும். இன்று கலக்கிய பைகார்பனேட் கரைசலை நாளைக்கென்று வைக்கக் கூடாது. மாதந்தோறும் சோதனை வேண்டும். சர்வதேசத் தர நிர்ணயப்படி, ஒரு மில்லிலிட்டரில் முளைக்கும் கிருமிக் கூட்டங்கள் 100-க்குக் குறைய வேண்டும், எண்டோடாக்சின் 0.25 அலகுக்குக் குறைய வேண்டும். கூட்டங்கள் 50-ஐத் தொட்டாலே செயலில் இறங்க வேண்டும்.

"கழுவ நேரமில்லை, சோதனைக்குப் பணமில்லை" என்று எவரும் சொன்னால், உயிருக்கு விலை என்ன என்று திருப்பிக் கேட்போம்.

ஏழைகளுக்கு மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் அளிக்கும் தேசியத் திட்டம் 2016-ல் நம் நாட்டில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கட்டில்களில் படுப்பவர் யார்? மூட்டை சுமந்தவர், தறி ஓட்டியவர், வயலில் வெந்தவர். ஆகவே தோழர்களே, எத்தனை எந்திரம் என்று கேட்பதோடு நில்லாதீர்கள். சென்ற மாதத் தண்ணீர்ச் சோதனை என்ன சொல்கிறது என்றும் கேளுங்கள். அந்த முடிவை நோயாளி கண்ணில் படும்படி எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

பணக்காரன் இரத்தத்துக்கு ஒரு தண்ணீர், பாட்டாளி இரத்தத்துக்கு ஒரு தண்ணீர் என்று அறிவியல் வகுக்கவில்லை. நாமும் வகுக்க விடக் கூடாது.