சாகாத மரக்கோஸ்டர்

ரோலர் கோஸ்டரில் ஏறாமலே வயிற்றைக் கலக்கிய படம் ஒன்று உண்டு. 1977-இல் வந்த ஹாலிவுட் படம், பெயரே 'ரோலர்கோஸ்டர்'தான். பொழுதுபோக்குப் பூங்காக்களில் குண்டு வைத்து 10 லட்சம் டாலர் கேட்கிறான் ஒருவன். அவன் பின்னால் அலைவது போலீஸ் நாயகன் அல்ல, ராட்டினங்களைச் சோதிக்கும் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர்! ஜார்ஜ் சீகல் நடித்த பாத்திரம் அது. சில திரையரங்குகளில் 'சென்சரவுண்ட்' என்ற பெரிய ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். அவற்றின் அடித்தொனி அதிர்வில் நாற்காலியே நடுங்கும்.

படத்தில் முதலில் விபத்துக்குள்ளாவது, அமெரிக்காவின் நார்ஃபோக் நகரில் ஓஷன் வியூ பூங்காவில் இருந்த மரக்கோஸ்டர். 1978-இல் பூங்காவை மூடினார்கள். மறு ஆண்டு வெளியான ஒரு தொலைக்காட்சிப் படத்துக்காக அதே கோஸ்டரை நிஜமாகவே வெடி வைத்துத் தகர்க்க முயன்றார்கள். கேமராக்கள் தயார். வெடியும் வெடித்தது. புகை விலகிப் பார்த்தால், கிழட்டுக் கோஸ்டர் அசையாமல் நிற்கிறது! மீண்டும் முயன்று, கம்பி கட்டி இழுத்துத்தான் சாய்த்தார்களாம்.