சந்தனமும் செம்மரமும்

கோலாருக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் ஆந்திர எல்லை வந்துவிடும். அதற்கு அப்பால், சித்தூர் தாண்டித் திருப்பதி, கடப்பை மலைகளில் செம்மரம் வளர்கிறது. கோலார் பக்கத்து வறண்ட குன்றுகளுக்கும் வேலியோரங்களுக்கும் உரியது சந்தனம். ஒரே மரத்தின் வெள்ளை, சிவப்பு வகைகள் இவை என்று பலர் எண்ணுகிறார்கள். உறவே இல்லை.

செம்மரம் அவரைக் குடும்பம். வேங்கை அதே பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய சொந்தம். செம்மரத்துக்கு ஒரு காம்பில் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகள், மஞ்சள் பூ, விளிம்பில் இறக்கை போல் விரிந்த தட்டையான காய். வைரத்தில் மணம் கிடையாது, சிவப்புச் சாயம்தான் உண்டு. சந்தனம் சாண்டலேசி குடும்பம். புல்லுருவியும் இதன் வரிசையில்தான் வருகிறது. அந்தக் குணம் சந்தனத்துக்கும் உண்டு: இலையில் தானே உணவு சமைத்தாலும், பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைப் பொருத்தி நீரும் சத்தும் உறிஞ்சும். துணைச்செடி இல்லாத கன்று தேறுவது கடினம். கருத்த பழத்தைக் குயிலும் கொண்டைக்குருவியும் தின்று விதையைப் பரப்புகின்றன.

செம்மரம் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான்; சேஷாசலம், வெலிகொண்டா மலைகளே அதன் முக்கிய வீடு. சந்தனமோ கர்நாடகம், தமிழ்நாடு, மறையூர், தீமோர், வட ஆஸ்திரேலியா என்று விரிந்திருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் செம்மரம் 'அருகிவரும் இனம்'. சந்தனம் அதற்கு ஒரு படி கீழே, 'அழிவாய்ப்புள்ள இனம்'. செம்மரத்தின் பன்னாட்டு வணிகத்தை 1995 முதல் சைட்டிஸ் ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது.

ஒரு படி கீழே என்பதால் சந்தனம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. வாசனை எண்ணெய் வேரிலும் இருப்பதால் மரத்தை வேரோடு பெயர்த்துவிடுகிறார்கள். வெட்டிய செம்மரம் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கவாவது செய்யும். சந்தனத்தை வாட்டும் ஸ்பைக் நோய்க்கு நம்பகமான மருந்தும் இல்லை. வைரம் பாயப் பல ஆண்டுகள் வேண்டும், திருட்டுக்கு ஒரு ராத்திரி போதும். என் கணக்கில் இரண்டும் ஒரே அளவு ஆபத்தில்தான் இருக்கின்றன.

2001-இல் கர்நாடகம் சட்டத்தைத் திருத்தியதால், பட்டா நிலத்துச் சந்தனம் இன்று நிலக்காரருக்கே சொந்தம். வெட்டவும் கொண்டுபோகவும் வனத்துறை அனுமதி வேண்டும். உங்கள் வேலியில் தானாக ஒரு சந்தனக் கன்று முளைத்தால், அதன் பக்கத்தில் இருக்கும் துவரையையோ புதரையோ களை என்று பிடுங்கிவிடாதீர்கள்.