ஊர்ப் புதுக்கமும் ஊராரும்

'ஊர்' என்னுஞ் சொல் ஓரிடத்தைக் குறிக்கும். 'ஊர் சிரித்தது' என்றவழி இடவாகுபெயராய் அவ்விடத்து வாழும் மாந்தரைக் குறிக்கும். இலக்கணம் பயில்வார்க்கு இஃது எளிய செய்தி. ஆயினும், பாழ்பட்ட நகர்ப்பகுதிகளை இடித்துப் புதுக்குவோர் தம் வேலையின் பயனைக் கணக்கிடும்பொழுது, இவ்விரு பொருளும் அவரறியாமலே ஒன்றோடொன்று மயங்கிவிடுகின்றன. தெரு அகன்றது, வீடுகள் உயர்ந்தன, அங்குள்ளாரின் வருவாயும் முன்னையினும் மிகுந்தது, ஆகவே ஊர் நலமுற்றது என்பர். வருவாய் மிகுந்தது மெய்யே. ஆனால், பழைய ஏழைகள் குடிக்கூலி தாங்காது வெளியேறச் செல்வர் சிலர் அங்கே குடிபுகுந்தாலும் அக்கணக்கு அவ்வாறே உயர்ந்து காட்டும். முன்னிருந்தார் ஒருவருக்கேனும் ஒரு காசு ஏறியிராது.

ஆதலின், புதுக்கத்தால் விளைந்த நன்மை தீமைகளை அறிய விரும்புவோர் இடத்தை விட்டு மாந்தரைப் பின்தொடர்தல் வேண்டும். அங்ஙனம் பின்தொடர்ந்த ஒருவரது ஆராய்ச்சியை ஈண்டு எடுத்துக்காட்டுவல்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் டீஸ் ஆற்றங்கரையிலுள்ள ஸ்டாக்டன் நகரத்தில் மக்கோனிகல் என்பார் சுகாதார அதிகாரியாயிருந்தார். அந்நகரில் ஹௌஸ்வைப் லேன் என்ற நெருக்கமும் அழுக்கும் மிக்க பகுதி 1927-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. அங்கிருந்த 152 குடும்பத்தார், 710 பேர், மவுண்ட் பிளெசன்ட் என்னுமிடத்தில் காற்றும் வெளிச்சமும் குளியலறையும் உடையனவாய்ப் புதிதாகக் கட்டிய வீடுகளிற் குடியேற்றப்பட்டனர். ரிவர்சைடு என்னும் மற்றொரு பகுதியில், அவர்களையொத்த ஏழைகள் பழைய வீடுகளிலேயே தங்கிவிட்டனர். பெயர்ந்தோர், பெயராதோர் என இரு திறத்தாரும் ஒரே நகரில், ஒரே காலத்தில் இருந்தமை அவ்வதிகாரிக்கு நல்வாய்ப்பாயிற்று. பெயர்ந்தோரை மட்டும் நோக்கியிருப்பாராயின், அவர்பாற் கண்ட மாறுதல் புதுவீட்டால் வந்ததோ, அக்காலத்துப் பரவிய வேலையின்மையால் வந்ததோ என்று துணிதல் அரிதாம். பெயராதோரையும் உடன் நிறுத்தி நோக்கியதே அவர் ஆராய்ச்சியின் உயிர்நிலை.

அவர் கொண்ட அளவுகோல் இறப்புத் தொகை. முதியோர் மிக்கவிடத்து இறப்பு இயல்பாகவே மிகுமாதலின், வயது வேறுபாட்டிற்கேற்பக் கணக்கைத் திருத்தி ஒப்பிட்டார். பெயர்ந்தோருள் ஆயிரவர்க்கு ஆண்டொன்றுக்கு இறந்தோர் 1923 முதல் 1927 வரை ஏறத்தாழ 23 பேர். புதுவீடு புகுந்த பின்னர், 1928 முதல் 1932 வரை, ஏறத்தாழ 33½ பேர். பழைய வீடுகளிலேயே உழன்ற ரிவர்சைடு மக்களிடையிலோ அத்தொகை 26-இலிருந்து 23-க்கு இறங்கிற்று. எழுநூற்றுப் பதின்மர் என்பது பெருந்தொகையன்று என்று ஒருவர் தடை கூறலாம். ஆனால் ஓராண்டுக் கணக்கன்று அது, ஐயாண்டுச் சராசரி.

நல்ல வீடு மாந்தரைக் கொல்லுமோ? மக்கோனிகல் வீடுகளிற் குறை காணவில்லை. பின்னர் அவர்தம் பணப்பையை ஆராய்ந்தார். முன்னர் வாரத்திற்கு ஐந்து ஷில்லிங்குக்குக் குறைவாயிருந்த குடிக்கூலி ஒன்பது ஷில்லிங்காகியிருந்தது. வேலையற்றோர் பலர், வருவாயோ ஏறவில்லை. கூலி கொடுத்து எஞ்சிய பணமே உணவுக்கு ஆயிற்று. பாலும் இறைச்சியும் முட்டையும் வாங்குதற்கு அஃது எங்ஙனம் போதும்? குழந்தைகளின் தட்டிலிருந்தே அப்புதுச் சுவர்களுக்கு விலை கொடுக்கப்பட்டது. இம்முடிவுகளை 1933-இல் மருத்துவ அறிஞர் அவையிற் கூறி, 1936-இல் மற்றொருவரோடு சேர்ந்து நூலாகவும் வெளியிட்டார். வீடு கட்டுதல் வேண்டா என்பது இதன் கருத்தன்று. கூலியையும் வருவாயையும் எண்ணாது வீட்டை மட்டும் எண்ணிய கணக்கு பொய்க்கணக்கு என்பதே கருத்து.

உயிருக்கு இடரில்லாதவிடத்தும் இழப்பு உண்டு. அதனை அளத்தல் இன்னுங் கடினம். உறவு இத்துணைப் படியென்று முகந்து காட்டவல்லார் யார்? ஆயினும், லண்டன் மாநகரின் கீழ்பாகத்துள்ள பெத்னல் கிரீனினின்றும் எஸ்ஸெக்ஸ் நாட்டுப் புதுக்குடியிருப்பொன்றிற்குப் பெயர்ந்தோரை ஆராய்ந்த மைக்கேல் யங், பீட்டர் வில்மட் என்னும் இருவர் ஓர் எளிய வழி கண்டனர். பெற்றோரையும் உடன்பிறந்தாரையும், கணவன் அல்லது மனைவியின் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும், வாரத்தில் எத்தனை முறை கண்டீர் என்று வினவினர். பழைய தெருவிலிருந்தபொழுது மனைவியர் கண்டது ஏறத்தாழ 17 முறை. தாய்வீடு கூப்பிடு தூரத்திலிருந்தது. பிள்ளைக்குச் சுரம் வந்தாலும், அடுப்பிற்கு ஒன்று குறைந்தாலும், அவள் கால் அங்கேதான் செல்லும். புதுவீட்டில், 1953-ஆம் ஆண்டில், அது 3 முறையாகக் குறைந்தது.

புதிதாய் வந்தமையால் நேர்ந்த தனிமை, நாளடைவில் நீங்கும் என்பார் உளர். ஒருமுறை வினவி ஓய்ந்திருப்பின் அக்கூற்றை மறுத்தற்கும் வழியில்லை, ஏற்றற்கும் வழியில்லை. அவ்விருவரும் 1955-இல் அக்குடும்பங்களை மீண்டும் நாடிச் சென்று அதே வினாவை வினவினர். விடை மூன்றினுங் குறைந்திருந்தது.