கடலில் மீன்பிடிப் போட்டியா? மருந்துப் பையையும் தயார் செய்யுங்கள்

நண்பர்களுடன் கோலா ரொம்பினுக்குச் சென்று, மூன்று நாள் மயில்மீன் பிடிக்கும் போட்டியில் கலந்துகொள்வது உற்சாகமான அனுபவம். ஆனால், நடுக்கடலிலிருந்து மருந்தகத்தை அடைய நெடுநேரம் ஆகலாம். உங்களுக்கு நீரிழிவு இருந்தால், முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

அலையில் வாந்தி எடுத்து, சாப்பிட முடியாத நிலையில் வழக்கம்போல் இன்சுலினோ சில வகை நீரிழிவு மாத்திரைகளோ எடுத்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். வெயிலால் வந்த களைப்பு என்று இருந்துவிடாதீர்கள்.

புறப்படுவதற்கு முன்:
• சாப்பிட முடியாத நாளில் மருந்தை எப்படி எடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகவே மருந்தை நிறுத்தாதீர்கள்.
• வாந்தியைத் தடுக்கும் மாத்திரை தூக்கம் தரலாம். கண் அழுத்த நோய், புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள்.
• கூடுதலாக இரண்டு நாளுக்கான மருந்தை எடுத்துச் செல்லுங்கள். இன்சுலினைக் குளிர்ப்பையில் வையுங்கள். ஐஸ்கட்டி மேல் நேரடியாக வைக்காதீர்கள்.

படகில்:
• அறிகுறி தெரிந்தால் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள். அளவு 4.0-க்குக் கீழ் இருந்தால், 3 தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள்.
• தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள்.

உங்கள் நோயையும் மருந்துப் பை இருக்கும் இடத்தையும் ஒரு நண்பரிடமாவது சொல்லி வையுங்கள். உங்களால் பேச முடியாதபோது அவர்தான் உதவ வேண்டியிருக்கும்.