முந்தி வந்தோர்க்கு ஓர் இடம்

அமெரிக்காவில் பணிபுரியும் எங்கள் மகனுடன் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில், மலைகள் சூழ்ந்த தேசியப் பூங்கா ஒன்றின் முகாம் வாயிலை அடைந்தோம். 'நிறைந்துவிட்டது' என்னும் பலகை எங்களை வரவேற்றது. காரில் கூடாரம் இருந்தது, கம்பளிகள் இருந்தன, சோறு வடிக்கப் பானையும் இருந்தது; படுக்கத்தான் இடமில்லை. நெடுந்தொலைவு ஓட்டிவந்த மகன் வாய் திறக்கவில்லை. "விடியற்காலையிலேயே புறப்பட்டிருக்கலாமே, தம்பி" என்று அவன் தாயார் மட்டும் மெல்லச் சொன்னார்.

அந்நாட்டில் விடுமுறையைக் காட்டிலே கூடாரமடித்துக் கழிப்பது குடும்பங்களின் பெருவழக்கம். பூங்கா முகாம்களில் கூடாரத்துக்குச் சமப்படுத்திய தரையும், ஒரு மேசையும், தீ மூட்ட இரும்பு வளையமும் கொண்ட தளங்கள் எண்ணிட்டு அமைந்துள்ளன. பல முகாம்களுக்கு 6 மாதம் முன்னதாகவே இணையவழியில் பதிவு தொடங்கும். பெயர்பெற்ற இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். எஞ்சிய சில முகாம்களில்தான் முந்தி வந்தவர்க்கு இடம் என்னும் பழைய முறை நிலவுகிறது.

அம்முறையின் எளிமையை நாம் வியந்தோம். வருகிறவர் முகாமைச் சுற்றிவந்து, கம்பத்தில் சீட்டு இல்லாத தளத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டியது. வாயிலில் வைத்துள்ள உறையில் பெயரையும் நாள்களையும் எழுதி, கட்டணத்தை இட்டு, கோயில் உண்டியல் போன்று நிற்கும் இரும்புக் குழாய்க்குள் போட்டுவிட்டு, உறையிலிருந்து கிழித்த துண்டைத் தளத்தின் கம்பத்தில் மாட்ட வேண்டியது. அவ்வளவே! எழுத்தரும் இல்லை, சாளரமும் இல்லை. அக்குழாயை 'இரும்புக் காவலர்' என்று வேடிக்கையாக அழைக்கின்றனர். (இப்போது சில பூங்காக்களில் பணத்தாள் செல்லாது, வங்கி அட்டைதான்.) பின்னால் வரும் நண்பருக்கென்று தளத்தைப் பிடித்துவைப்பது பொதுவாகக் கூடாது. நம் ஊர்ப் பேருந்துகளில் துண்டு போடும் பழக்கத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டோம்.

அன்று எங்களைக் கரைசேர்த்தவர் பூங்காக் காவலர் ஒருவர். பூங்காவை அடுத்திருப்பது தேசியக் காடு. அது வேறு துறையைச் சேர்ந்தது, அங்கே போகலாம் என்றார். பூங்காக்கள் உள்துறையின் பொறுப்பு. தேசியக் காடுகளோ வேளாண்மைத் துறையின் பொறுப்பு. தடை அறிவிப்பு இல்லாத காட்டுப் பகுதிகளில் பதிவோ கட்டணமோ இன்றிப் பெரும்பாலும் 14 நாள்கள் வரை தங்கலாம். ஆனால் குழாய் நீர் இல்லை; கழிப்பறை இல்லை. நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி, 6 முதல் 8 அங்குல ஆழத்தில் குழிதோண்டி மூட வேண்டும். குப்பையை உடன் எடுத்துவர வேண்டும். வறண்ட கோடையில் தீ மூட்டத் தடை உண்டா என்று முன்னரே கேட்டறிதல் இன்றியமையாதது. மண்பாதை ஓரத்தில் அன்றிரவு ரொட்டியை உண்டு உறங்கினோம். உணவுப் பொருள் ஒன்றும் கூடாரத்துள் இருக்கலாகாது, கரடி வரும் என்ற எச்சரிக்கையால் எங்களுக்கு உறக்கம் அரைகுறைதான்.

முன்பதிவு தேவையே இல்லை என்று நாம் வாதிட வரவில்லை. கைக்குழந்தையோடு நெடுந்தூரம் வருவோர் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று புறப்பட இயலாது. எனினும் 6 மாதத்துக்கு முன்பே விடுப்பு நாளை அறிந்திருப்பவர் யார்? வாரந்தோறும் வேலை நேரம் மாறுகிற தொழிலாளிக்கு அது கூடுமா? 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மொன்டானா பல்கலைக்கழகத்தார் உள்ளிட்டோர் கைப்பேசித் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்து, முன்பதிவுத் தளங்களில் தங்குவோர் சராசரியில் கூடுதல் வருமானமுள்ள பகுதிகளிலிருந்து வருவதாகக் கண்டனர். பூங்கா எல்லாருடையதாயினும் வாயில் எல்லாருக்கும் ஒரே அகலத்தில் இல்லை போலும்.

யோசெமிட்டி பூங்காவின் 'நான்காம் முகாம்' பாறையேறுவோரின் தாயகம்; அந்த வரலாற்றுச் சிறப்புக்காக 2003இல் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அங்கே ஒரு தளத்தை முன்பின் அறியாத ஆறு பேர் பகிர்ந்துகொள்வது நெடுநாளைய வழக்கம். இடத்துக்காக விடியுமுன்னரே வரிசையில் நின்ற காலமும் உண்டு. அண்மை ஆண்டுகளில் கோடைக்கு அங்கும் இணையப் பதிவு வந்துவிட்டது.

மறுநாள் ஆறு மணிக்கே நாங்கள் அதே முகாமுக்குத் திரும்பினோம். முதிய தம்பதியர் கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தனர். எங்கள் தயக்கத்தைக் கண்டு அவர்களே கையசைத்து அழைத்து, மீந்த விறகுக் கட்டையும் கொடுத்துச் சென்றனர். உறையை நிரப்பிக் குழாயில் இட்டோம். மகன் சீட்டைக் கம்பத்தில் மாட்டினான்.

திங்கட்கிழமை காலை நாங்கள் பானையைக் கழுவிக் கவிழ்த்திருந்தபோது, பிள்ளைகள் நிறைந்த பழைய கார் ஒன்று எங்கள் தளத்தருகே மெதுவாக நின்றது. "இன்று புறப்படுகிறீர்களா?" என்று ஓட்டிவந்த அம்மையார் கேட்டார். மகன் எழுந்து சென்று கம்பத்திலிருந்த சீட்டைக் கழற்றினான்.