அம்பாசடரின் பின் அச்சைக் கழற்றும் முறை
பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர் காரில், இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் இறுகிய பின் அச்சு, வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்குகளோடு யூ போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. தனிச் சட்டகமின்றி உடலே சுமை தாங்கும் வண்டி இது என்பதால், ஜாக்கியை மட்டும் நம்பாமல், ஸ்பிரிங்கின் முன்முனைக்குச் சற்று முன்னே தாங்கிகளை நிறுத்த வேண்டும். அங்கே துரு அரித்திருக்கிறதா என்று தகட்டைத் தட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

கியர்பெட்டியின் சுழற்சியைப் பின்னே கடத்தும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிரிக்குமுன், இணையும் இரு விளிம்புகளிலும் ஒரே கோடாகக் கீறிக்கொண்டால்தான், திரும்பப் பூட்டும்போது சமநிலை பிசகி வண்டி அதிராது. பிரேக் குழாய், கைபிரேக் கம்பி, ஷாக் அப்சார்பர் ஆகியவை எளிதில் விடுபடும். பொறுமையைச் சோதிப்பவை யூ போல்ட்டின் நட்டுகளே: பல்லாண்டுச் சேறும் துருவும் மரைகளில் இறுகிவிடுவதால், முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயில் ஊறவிட்டாலும் சிலவற்றை அறுத்தே எடுக்க நேரும், இழுபட்டுத் தளர்ந்த போல்ட்டுகளை மீண்டும் பூட்டலாகாது என்பதால் அதில் நட்டமொன்றுமில்லை. அச்சின் எடையை ஜாக்கியில் ஏற்றிய பின், ஸ்பிரிங் நீண்டு சுருங்க இடம்தரும் பின்முனை ஊசல் இணைப்பான ஷேக்கிளைக் கழற்றினால், இருவர் சேர்ந்து அச்சை வெளியே இழுத்துவிடலாம். முன்முனையின் பெரிய போல்ட்டை உருவியதும் ஸ்பிரிங்கும் தனியே வந்துவிடும்.