வீட்டைப் புதுப்பித்து விற்கிறீர்களா? பழைய ரசீதும் பணம்தான்!

வீட்டை விற்பது என்று முடிவானதும் முதலில் என்ன செய்வோம்? பெயின்ட் அடிப்போம், ஒழுகும் குழாயை மாற்றுவோம். பார்க்க வருகிறவர்களுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டுமே! ஆனால், வருமான வரிக் கணக்கில் இந்தச் செலவுக்குப் பொதுவாக இடமில்லை. சில வருடங்களுக்கு முன்பு மாடியில் ஒரு போர்ஷன் கட்டினீர்களே, அதற்குத்தான் இடம் உண்டு. அந்த ரசீதுகள் எங்கே?

குடியிருந்த வீட்டுக்கும் வரியா?

ஆமாம். நாம் குடியிருந்த வீடு என்பதற்காக மட்டும் வரி விலக்கு கிடைத்துவிடாது. விற்ற விலையிலிருந்து, வாங்கிய விலை, பத்திரச் செலவு, வீட்டை மேம்படுத்திய செலவு, புரோக்கர் கமிஷன் எல்லாம் கழித்தபின் மிஞ்சுவதே மூலதன ஆதாயம். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5% வரி. அதற்குள் விற்றால், லாபம் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்துவிடும்.

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களுக்கு ஒரு சலுகை உண்டு. விலைவாசிக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்தி (இண்டெக்சேஷன்), 20% வரி போட்டுப் பார்க்கலாம். இரண்டில் எது குறைவோ, அதுவே உங்கள் வரி.

எது மேம்பாடு, எது ரிப்பேர்?

கூடுதல் அறை, மாடி, காம்பவுண்ட் சுவர், புதிய போர்வெல் என்று வீட்டோடு நிலைத்து நிற்பவை மேம்பாடு. வெள்ளையடிப்பது, உடைந்த ஓட்டை மாற்றுவது போன்றவை வெறும் பராமரிப்பு. சோபா, ஃபிரிட்ஜ் கணக்கிலேயே வராது. 2001 ஏப்ரல் 1-க்கு முன் செய்த மேம்பாட்டுச் செலவையும் தனியாகக் கழிக்க முடியாது.

ரசீதின் விலை என்ன?

ஓர் உதாரணம். 2012-13-ல் 30 லட்சத்துக்கு வாங்கிய வீடு. 2018-19-ல் 14 லட்சத்தில் மாடி கட்டினார்கள். 2025-26-ல் ஒரு கோடிக்கு விற்றார்கள்.

* மாடிச் செலவுக்கு ஆதாரம் இருந்தால்: 12.5% முறையில் வரி 7 லட்சம். இண்டெக்சேஷன் முறையில் 4.96 லட்சம். கட்ட வேண்டியது 4.96 லட்சம்.
* ஆதாரம் இல்லாவிட்டால்: 12.5% முறையில் 8.75 லட்சம், இண்டெக்சேஷன் முறையில் 8.72 லட்சம். கட்ட வேண்டியது 8.72 லட்சம்.

வித்தியாசம் 3.76 லட்சம்! (செஸ் தனி.) கொத்தனாருக்கும் கம்பிக் கடைக்கும் பணமாகக் கொடுத்துவிட்டு, துண்டுச் சீட்டுகூட வாங்காமல் விட்டதற்கு இவ்வளவு பெரிய விலை.

ஆகவே, கான்ட்ராக்டருடன் எழுதிய ஒப்பந்தம், கடை பில்கள், பேங்க் ஸ்டேட்மென்ட், கட்டட அனுமதி வரைபடம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். கூலியையும் முடிந்தவரை வங்கி மூலமே கொடுங்கள். கடை பில்லின் எழுத்து நாளாக நாளாக அழிந்துவிடும். வாங்கிய அன்றே மொபைலில் போட்டோ எடுத்துவிடுங்கள்.

வரியைத் தவிர்க்க வழி உண்டா?

நேர்வழியே இருக்கிறது. நீண்ட கால ஆதாயத்தைக் கொண்டு, விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்ற இரண்டு ஆண்டுகளுக்குள்ளோ வேறு வீடு வாங்கலாம். அல்லது மூன்று ஆண்டுகளுக்குள் கட்டலாம். விற்ற தொகை முழுவதையும் போட வேண்டியதில்லை, ஆதாயத் தொகையைப் போட்டாலே போதும். ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்குள் பணத்தைச் செலவிட முடியாவிட்டால், வங்கியில் இதற்கென்றே உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். ஆனால் புது வீட்டை மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால், கிடைத்த சலுகை கைவிட்டுப் போகும்.

அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். அதற்கும் முன்னால், இன்றைக்கே பீரோவைத் திறந்து அந்தப் பழைய பில்களைத் தேடுங்கள்!